தனி ரூமுக்கு மூன்று ஷிப்ட்

"எனக்குத் தனி ரூம் வேணும்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டின் நடுவில் மமதா இதைச் சொன்னாள். அப்பா முனிரத்தினம் எலும்பு கடிப்பதை நிறுத்தினார். அண்ணன் பிரதாப் போனிலிருந்து தலையை நிமிர்த்தினான். அண்ணி நளினி, குழந்தையின் வாய்க்குக் கொண்டுபோன சோற்றைப் பாதி வழியில் நிறுத்தினாள். அப்பாவின் அக்கா பாப்பம்மா அத்தை, தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல் காதைத் திருப்பினாள். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா மட்டும் நிமிரவில்லை.

அம்மா பாக்யலட்சுமி மகளுக்கு அதிகம் புத்தி சொல்கிறவள் அல்ல. அந்த வம்சத்திலேயே முதல் டிகிரியை வாங்கிக்கொண்டு மமதா பெங்களூரில் வேலைக்குப் போன முதல் நாள் ஒன்றே ஒன்று சொன்னாள். "எது வேணும்னாலும் கேளு. தனி ரூம் வேணும்னு மட்டும் வாயத் தொறந்து கேட்டுடாத." ஏன் என்று மமதா கேட்டாள். "சொன்னா கேளு" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்கிற பயம் என்று மமதாவே முடிவு கட்டிக்கொண்டாள். அந்த நாலு பேர் யார் என்று தெரிந்தால் நேரில் போய்ச் சண்டை போடுகிற உத்தேசம் அவளுக்கு இருந்தது.

பேச்சு சிக்மகளூரைப் பற்றியது. அந்தக் குடும்பம் வருஷம் தவறாமல் திருப்பதி போய்வரும். மொட்டை போட ஆள் இல்லாத வருஷத்திலும் போய்வரும். மலையைப் பார்க்க, காப்பித் தோட்டத்தைப் பார்க்க என்று மே மாதத்தில் மூட்டை கட்டுவது இதுதான் முதல் தடவை. இந்த ஊர்ப் பிள்ளைகள் ஏறி இறங்கிய மலை, தங்கச் சுரங்கத்துக் கழிவு மண் குவிந்த சயனைடு மேடுதான். பச்சையாக ஒரு மலை இருக்கும் என்பது காலண்டர் விஷயம்.

"அங்க நமக்கு யாரு கீறாங்க?" என்று அப்பா ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாரும் இல்ல. அதான் போறோம்," என்று மமதா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் சம்பளத்தில் போவதால் அப்பா அடங்கிவிட்டார். இப்போது அந்தத் தனி ரூம்.

"இன்னாடா கேக்குறா அவ?" என்றாள் அத்தை.

"தனி ரூமாம்," என்றான் பிரதாப்.

"யாருக்கு?"

"எனக்குத்தான் அத்த."

"கூட யாரு?"

"யாரும் இல்ல. அதுக்குப் பேருதான் தனி."

"ராத்திரிக்கு இன்னா பண்ணுவ?"

"தூங்குவேன்."

"பகல்ல?"

"சும்மா இருப்பேன்."

அத்தை சோற்றைப் பிசைந்தபடி யோசித்தாள். "சும்மா இருக்கறதுக்கு யாருனா ரூம் எடுப்பாங்களாடி? நம்ம வூட்லயே சும்மா இருக்கலாமே."

"இங்கதான் முடியலயே."

அதில் பொய் இல்லை. மைசூர் மைன்ஸில் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. முன்னால் ஒரு ஹால், பின்னால் ஒரு சமையலறை, பக்கத்தில் அண்ணன் கல்யாணத்துக்காகத் தகரம் போட்டு இழுத்த ஓர் அறை. ஹாலில் அப்பா, அம்மா, அத்தை, மமதா. பீரோவுக்கும் அத்தைக்கும் நடுவில் இருக்கும் சந்து மமதாவுக்கு. அத்தை புரண்டால் மமதாவும் புரண்டாக வேண்டும். விடிவதற்கு முன் எழுந்து பெங்களூர் ரயில். ரயிலில் மூன்று பேர் சீட்டில் ஐந்து பேர். ஆபீஸில் நீள மேசை; இந்தப் பக்கம் ஒருத்தன் முழங்கை, அந்தப் பக்கம் ஒருத்தி டிபன் டப்பா. பிறந்ததிலிருந்து அவள் தனியாக இருந்த ஒரே இடம் பாத்ரூம். அங்கேயும் வெளியே ஒருவர் வாளியோடு நின்று இருமுவார்.

அந்த ஹோம்ஸ்டேயின் படங்களைப் போனில் பார்த்தபோது குடும்பத்துக்கென்று ஒரு பெரிய அறை தெரிந்தது. அதைத் தாண்டி, வராந்தாவின் கடைசியில், சின்னதாக இன்னொன்று. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னல் நிறைய மலை. கதவின் உள்பக்கம் தடிமனாக ஒரு தாழ்ப்பாள். மலையைவிட அந்தத் தாழ்ப்பாளைத்தான் மமதா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அந்த ரூமுக்கு உள்தாப்பா கீதா?" அத்தை சரியாக அங்கேயே வந்து நின்றாள்.

"கீது."

அத்தை தம்பியைப் பார்த்தாள். தம்பி எலும்பைப் பார்த்தார்.

"பேரு இன்னா?" என்றாள் அத்தை.

"ரூமுக்கா?"

"பையனுக்கு."

"எந்தப் பையனுக்கு?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

மமதா கோபம் வந்தால் கத்துகிறவள் அல்ல. பாத்திரம் கழுவுகிறவள். அவள் எழுந்து போய்க் குழாயைத் திறந்த விதத்தில் பக்கத்து வீட்டு ஞானசுந்தரி அக்கா ஜன்னலைச் சாத்திக்கொண்டார். அம்மா பின்னாலேயே வந்து மீதிப் பாத்திரங்களைக் கொண்டு வைத்தாள்.

"நான்தான் கேக்காதன்னு சொன்னேன்ல."

"ஏன் கேக்கக் கூடாது? என்னா தப்பு அதுல?"

"தப்புன்னு யாரு சொன்னது," என்று அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பையன் பேச்சு ராத்திரிக்குள் தெருமுனை தாண்டிவிடும் என்பது மமதாவுக்குத் தெரியும். எனவே ஈரக்கையோடு ஹாலுக்கு வந்து ஒரு பொய்யைச் சொன்னாள்.

"ஆபீஸ் வேல கீதுப்பா. லீவுல போனாலும் மீட்டிங்ல பேசியாகணும். சத்தம் இருக்கக் கூடாது. கம்பெனியில தனி ரூம்ல இருந்து பேசச் சொல்லிட்டாங்க."

அப்பாவின் முகம் தெளிந்தது. கம்பெனி என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் சாமிக்கு அடுத்த இடம். அவருடைய தாத்தாவையும் அப்பாவையும் அவரையும் சங்கு ஊதி எழுப்பி, கூண்டில் ஏற்றிப் பூமிக்குள் இறக்கி, மறுபடி மேலே அனுப்பியது கம்பெனி. மைன்ஸ் மூடி இத்தனை வருஷம் ஆகியும், ஏதோ ஒரு கம்பெனி ஏதோ சொன்னால் அவர் நிமிர்ந்து உட்காருவார்.

"கம்பெனி சொல்லிட்டா சரி. அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

பிரச்சினை தீர்ந்தது என்று மமதா நினைத்தாள். சாயங்காலம் அப்பா ஆண்டர்சன்பேட்டை பஜாருக்கு டீ குடிக்கப் போனார். "எம்பொண்ணுக்குக் கம்பெனியே மலைமேல ரூம் குடுக்குது" என்று தையல்காரரிடம் சொன்னார். அவர் திரும்பி வருவதற்குள் அந்தச் செய்தி அவருக்கு முன்னாலேயே லைனுக்கு வந்திருந்தது. வழியில் அந்த ரூம் வளர்ந்தும் இருந்தது. ஏ.சி., பால்கனி, சோபா.

பாப்பம்மா அத்தை சிக்மகளூருக்கு வருவதாகவே இல்லை. மலைப்பாதையில் வளைவு அதிகம், முழங்கால் ஒத்துக்காது என்று முதல் நாளே ஒதுங்கிக்கொண்டவள். ராத்திரி பாய் விரிக்கும்போது சொன்னாள்:

"நானும் வரேன்டி. கம்பெனி ரூம்னா பெருசாத்தான் இருக்கும். நீ மீட்டிங் பேசு, நான் பாட்டுக்கு சோபாவுல கெடக்கறேன்."

மமதா பீரோவுக்கும் அத்தைக்கும் நடுவில் படுத்துக் கூரையைப் பார்த்தாள். முந்நூறு கிலோமீட்டர் தாண்டிப் போனாலும் இந்தச் சந்து கூடவே வரும் என்று புரிந்தது.

மறுநாள் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். உண்மை சொன்னால் பிரச்சினை தீரும் என்று அவளுக்குக் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை, அவளாக நினைத்துக்கொண்டது.

"அத்த, கம்பெனி ரூமெல்லாம் இல்ல. மீட்டிங்கும் இல்ல. நான்தான் எடுத்தேன். சின்ன ரூமு. ஏ.சி. கெடையாது, சோபா கெடையாது. ஒரே ஒரு கட்டில்."

அத்தை கோபப்படவில்லை. அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப பையன் கீறான்."

"பையனும் கெடையாது."

"சரி, ஒரு கட்டில் போதும். அந்தக் குளிருல எனக்குத் தரை ஒத்துக்காது. நீ கீழ படுத்துக்க."

"அத்த, அது ஒரு ஆளு ரூமு."

"அதான் சொல்றேன். நான் ஒரு ஆளுதான?"

இது நடந்தது சமையலறையில். தகர அறையிலிருந்து அண்ணி நளினி கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் கேட்காமல் இருப்பதற்குத்தான் தனியாக முயற்சி செய்ய வேண்டும். அத்தை போனதும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"மமதா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டியே?"

"கேளுங்க அண்ணி."

"அந்த ரூம்ல ஒரே ஒரு மத்தியானம் எனக்குக் குடு. இவனை உங்கண்ணன்கிட்ட வுட்டுட்டுத் தாப்பா போட்டுக்கினு தூங்கறேன். இவன் பொறந்ததுலேர்ந்து நான் கண்ண மூடினா போதும், யாராவது ஒருத்தர் 'தூங்கிட்டியா'ன்னு எழுப்பிக் கேக்கறாங்க."

மமதாவால் மறுக்க முடியவில்லை. யாரிடம் வேண்டுமானாலும் அவள் சண்டை போடுவாள். தூக்கம் கேட்கிற பெண்ணிடம் எப்படிப் போடுவது.

"ஒரு மத்தியானம்தான அண்ணி. எடுத்துக்குங்க."

அண்ணி நன்றி சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் குழாயடியில் ஞானசுந்தரி அக்காவிடம் பெருமையாகச் சொல்லிவிட்டாள். ஞானசுந்தரி அக்கா மூன்று மகன்கள், இரண்டு மருமகள்கள், ஒரு டிவியோடு பக்கத்து வீட்டில் இருப்பவர். சர்ச் பெண்கள் சங்கத்தில் ஜெபத்துக்குப் பேர் போனவர். அன்றைக்கே ஒரு கிண்ணத்தில் கலகலா பலகாரத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா மமதா, வண்டியில எடம் கீதா?"

"கார்தான் பேசியிருக்கோம் அக்கா. நாங்களே உக்காந்தா நெருக்கடி."

"பெரிய வண்டியாப் பேசிடுங்க, என் பங்கு நான் குடுத்துடறேன். எனக்கு மலையும் வேணாம், அருவியும் வேணாம். தெனம் காலையில அந்தத் தனி ரூம்ல கொஞ்ச நேரம் முட்டி போட்டு, சத்தமா ஜெபம் பண்ணணும். எங்க வூட்ல ஆமென் சொல்றதுக்குள்ள மூணு பேரு ரிமோட் கேக்கறான். ஆண்டவருக்கே நான் சொன்னது பாதிதான் போய்ச் சேந்திருக்கும்."

"அக்கா, அது நான்..."

"நீ தூங்கினுருப்ப. பரவால்ல. நீ தூங்கு, நான் உன் தலமாட்டுல ஜெபம் பண்றேன். உனக்கும் நல்லது."

அவர் போனபின் மமதா அம்மாவைத் தேடினாள். அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நீயாவது ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? எல்லாரும் என் ரூமைப் பங்கு போடறாங்க, நீ பாட்டுக்குப் பாத்துக்கினு கீற."

"நான் இன்னா சொல்றது? வரட்டும். எல்லாரும் போனாத்தான் நல்லாருக்கும்."

"எனக்கு எப்படி நல்லாருக்கும்?"

"உப்பு சரியாப் பாரு," என்று கரண்டியை நீட்டினாள் அம்மா.

உப்பு சரியாக இருந்தது. மமதாவுக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

அவள் வாசலுக்குப் போய் ஹோம்ஸ்டேகாரருக்குப் போன் போட்டாள். இன்னொரு சிங்கிள் ரூம் கிடைத்தால் இவர்களை அதில் தள்ளிவிடலாம் என்பது கணக்கு. அவர் மரியாதையான கன்னடத்தில் பேசினார். வேறு ரூம் இல்லை, சீசன் என்றார். வேண்டுமானால் அந்தச் சின்ன ரூமிலேயே தரையில் மெத்தை போட்டுத் தருகிறேன், எத்தனை பேர் என்றார்.

"நாலு பேரு ஆகும்போல கீது சார்," என்று கன்னடத்தில் சொன்னாள் மமதா.

அந்தப் பக்கம் எங்கோ ஒரு பறவை கூவுவது மட்டும் கேட்டது. அந்தப் பறவைக்கு எவ்வளவு இடம் இருக்கும் என்று மமதா நினைத்தாள்.

"மேடம், சிங்கிள் அந்த்ரே ஒப்பரே அல்வா?" என்றார் அவர். சிங்கிள் என்றால் ஒருவர்தானே என்று கேட்கிறார்.

"நானும் அதத்தான் சார் இங்க சொல்லினுருக்கேன்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வைத்தாள்.

கார் போய் டெம்போ டிராவலர் வந்தது. டிராவலர் என்றால் டக்ளஸ்தான். எதிர் லைனில் இருப்பவர். அவர்களுடைய திருப்பதிப் பயணங்கள் எல்லாவற்றுக்கும் வண்டி ஓட்டியவர். பெரிய வண்டி என்பதால் காலி சீட் கேட்டு ஞானசுந்தரி அக்காவின் மூத்த மருமகளும் சேர்ந்துகொண்டாள். அவளும் சின்ன ரூமைப் பற்றி விசாரித்தாள். அவளுக்கு அவள் அம்மாவிடம் போனில் ஒருதரம் மனம்விட்டு அழ வேண்டுமாம்.

புறப்படுவதற்கு முந்தைய புதன்கிழமை சண்டை வெடித்தது. அத்தை தனக்குத்தான் கட்டில் என்றாள். நளினி, மத்தியானத்தில் கட்டில் தனக்கு என்று மமதா வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். ஞானசுந்தரி அக்கா, தான் ஜெபம் பண்ணும்போது யாரும் கட்டிலில் குறட்டை விடக் கூடாது என்றார். குறட்டை என்று யாரைச் சொல்கிறீர்கள் என்று அத்தை கேட்டாள். பெயர் சொல்லவில்லை என்றார் அக்கா. பெயர் சொல்லாவிட்டால் என்ன, லைனுக்கே தெரியும் என்று பிரதாப் இடையில் சொன்னான். அதற்கு மேல் பேச அத்தை அவனை விடவில்லை.

அப்போது அப்பா எழுந்து ஹாலின் நடுவில் வந்து நின்றார்.

"எல்லாரும் ஒக்காருங்க. இது ஒரு விஷயமா? ஷிப்ட் போட்டுக்கலாம்."



அண்டர்கிரவுண்டில் மேஸ்திரியாக ஆள் பிரித்து இறக்கியவர் முனிரத்தினம். மைன்ஸ் மூடியபின் பெங்களூரில் ஏதோ ஒரு கட்டடத்து கேட்டில் செக்யூரிட்டியாக நின்று, வருகிற கார்களுக்கெல்லாம் சல்யூட் வைத்து ரிட்டையர் ஆனார். ஆள் பிரித்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அவர் குரலே மாறிவிட்டதை மமதா கவனித்தாள்.

"அந்தக் காலத்துல இதே வூட்ல ஒரே கட்டில். நானு, எங்கண்ணன், எங்க மாமன், மூணு பேரு. நான் ஷிப்ட் முடிஞ்சி மேல வந்தா மாமன் எழுந்து கீழ போவாரு. கட்டில் சூடு ஆறாது. ஒரு நாளாவது சண்ட வந்திருக்கா?"

"கட்டில்தான் ஒடஞ்சிது," என்றாள் அத்தை.

"அது வேற. கேளுங்க. மொத ஷிப்ட் காலையில. ஞானசுந்தரி அக்கா, ஜெபம். ரெண்டாவது ஷிப்ட் மத்தியானம். நளினி, தூக்கம். சாயங்காலம் அரை ஷிப்ட், அக்கா மருமக, அழுக. நைட் ஷிப்ட் எங்கக்கா. தீந்திச்சா?"

எல்லோருக்கும் திருப்தி. அத்தைக்குக்கூட.

"அப்ப நானு?" என்றாள் மமதா.

"நீ ஜெனரல் ஷிப்டும்மா."

"அது எப்போ?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அது எல்லாத்துக்கும் நடுவுல வரும்."

"நடுவுல எங்கப்பா எடம் கீது? அந்த ரூம் எடுத்ததே நான்தான்."

"அதான் உன்ன ஒரு ஷிப்ட்ல கட்டிப்போடல. நீ எப்ப வேணா உள்ள போவலாம், ஆளு இல்லாதப்ப." பிறகு முக்கியமான ஒன்று நினைவுக்கு வந்தவராக எல்லோரையும் பார்த்து விரலை உயர்த்தினார். "ஒரு ரூல். அடுத்த ஆளு வந்து நின்னாத்தான் இருக்கற ஆளு எடத்த வுட்டு வெளிய வரணும். காலியா வுட்டுட்டு வரக் கூடாது. அது மைன்ஸ்ல பழைய ரூலு. பத்து பேரு உசுரு அதுலதான் நின்னுச்சி."

அறை ஒருபோதும் காலியாக இருக்காது என்பது இப்படிச் சட்டமானது. மமதா எழுந்து குழாயைத் திறந்தாள். கழுவப் பாத்திரம் இல்லை. கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள்.

பின்னால் அப்பா கேட்பது காதில் விழுந்தது. "பாக்யம், உனக்கு எந்த ஷிப்ட்?"

"எனக்கு எதுக்கு? ஒண்ணும் வேணாம்."

"உனக்கு வண்டிதான ஒத்துக்காது. வாந்தி."

"இந்தத் தடவ மாத்திர போட்டுக்கறேன். வர்றேன்."

ஆச்சரியம்தான். ஆனால் அன்றைக்கு ஆச்சரியப்படுகிற நிலையில் யாரும் இல்லை. அவரவருக்கு ஷிப்ட் கிடைத்திருந்தது.

வெள்ளிக்கிழமை ரயிலில் திரும்பி வரும்போது, நாலு பேருக்கு நடுவில் ஒற்றைக் காலில் நின்றபடி மமதா போனை எடுத்தாள். ஹோம்ஸ்டே புக்கிங், ஹோம்ஸ்டேகாரர் நம்பர், போகிற வழி, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அண்ணனுக்கு அனுப்பினாள். "எதுக்கு எனக்கு அனுப்பற?" என்று அவன் கேட்டான். "ஒரு சேஃப்டிக்கு" என்று பதில் போட்டாள். போனைப் பைக்குள் வைத்துவிட்டு மற்றக் காலுக்கு மாறி நின்றாள். 

சனிக்கிழமை விடிந்ததும் வண்டி புறப்பட்டது. அப்பா முன் சீட்டில், புதுச் சட்டையில். டிரைவருக்குப் பின் சீட்டில் ஜன்னலோரம் அம்மா, ஒரு கையில் எலுமிச்சம்பழம், மடியில் பாலிதீன் கவர். நளினி மடியில் குழந்தை. பிரதாப் ஏறியதுமே தூங்கிவிட்டான். ஞானசுந்தரி அக்கா பயணத்துக்காக ஜெபம் பண்ணினார். அத்தை கோவிந்தா சொல்லி முடித்து வைத்தாள். மமதா கடைசி சீட்டில் பைகளுக்கு நடுவில் இருந்தாள்.

எந்த ஊருக்குக் கிளம்பினாலும் டக்ளஸ் முதலில் ராபர்ட்சன்பேட்டை பெட்ரோல் பங்கில் நிறுத்துவார். டீசல், காற்று. அவர் இறங்கி டயரிடம் போனார். மமதா தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முழங்கால்களைத் தாண்டித் தாண்டிக் கதவுக்கு வந்தாள்.

"டீயாம்மா?" என்றார் அப்பா.

"நான் வரலப்பா. நீங்க போயிட்டு வாங்க."

"இன்னாது? ஒடம்பு சரியில்லயா?"

"நல்லாத்தான் கீது."

"பின்ன இன்னா?"

"எனக்கு மூணு நாளு தனியா இருக்கணும். அங்க முடியாது. வூட்ல இப்ப யாருமில்ல. நான் வூட்டுக்குப் போறேன்."

அத்தை சீட்டிலிருந்து பாதி எழுந்தாள். "யாருடி அவன்?"

"யாரும் இல்ல அத்த. யாருமே இல்ல. அதுக்குத்தான் போறேன்."

"புக்கிங்?" என்று கண்ணைத் திறந்தான் பிரதாப்.

"எல்லாம் உன் போன்ல கீது. நேத்தே அனுப்பிட்டேன். அவரு கன்னடத்துல கேப்பாரு, சிங்கிள் ரூமுக்கு எத்தன பேருன்னு. நீயே சொல்லிக்க."

அப்பாவுக்கு மற்றதெல்லாம் இரண்டாம் பட்சமாக இருந்தது. "அப்ப உன் ஷிப்ட்?"

"அண்ணிக்குக் குடுத்துடுங்க. டபுள் டியூட்டி."

நளினியின் முகத்தில் வந்த வெளிச்சத்தை அவளாலேயே மறைக்க முடியவில்லை. குழந்தையின் சட்டையைச் சரி செய்வதுபோல் குனிந்துகொண்டாள்.

மமதா அம்மாவைப் பார்த்தாள். 'நான்தான் கேக்காதன்னு சொன்னேன்ல' வரும் என்று பதில் சொல்லத் தயாராக நின்றாள். அம்மா எலுமிச்சம்பழத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

"வெயில் ஏறதுக்குள்ள போ," என்றாள்.

மமதா இறங்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பங்கின் மண்தரை முடிந்து ரோடு வரும் இடத்தில் அவளுக்கு ஒரு பழைய நினைவு வந்தது. திருப்பதி போகிற ஒவ்வொரு வருஷமும் இந்தப் பங்கில்தான் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு இறங்குவாள். ஓரமாகப் போய்க் குனிந்து நிற்பாள். "என்னால முடியல, நீங்க போயிட்டு வாங்க" என்பாள். வண்டி நகரும்போது சின்னப்பிள்ளை மமதா பின் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, ரோட்டோரம் ஒண்டியாகச் சின்னதாகிக்கொண்டே போகும் அம்மாவைப் பார்த்து அழுவாள். பாவம், அம்மாவுக்கு மட்டும் எதுவும் கிடைப்பதில்லை என்று லட்டு தின்னும்போதும் அழுதிருக்கிறாள். இன்றைக்கு அம்மா உள்ளே இருக்கிறாள், தான் வெளியே. இந்த வருஷமாவது அவள் ஒரு மலையைப் பார்க்கட்டும்.

நாலு எட்டு வைத்தபின்தான் வீட்டுச் சாவி அப்பாவின் இடுப்பில் இருப்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய்க் கேட்பதைவிடப் பூட்டை உடைப்பது மேல் என்று தோன்றியது. அவள் நடையை நிறுத்தவில்லை.

"பாப்பா, நில்லு."

டக்ளஸ் காற்றுக் குழாயை அப்படியே போட்டுவிட்டு, கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினார்.

"அப்பா குடுத்தாரா?" என்றாள் மமதா.

"அப்பா சாவி அப்பாகிட்டதான் கீது. இது உங்கம்மா சாவி," என்றார் டக்ளஸ். வண்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவங்களுக்கு வாந்தியும் கெடையாது, மயக்கமும் கெடையாது பாப்பா. வருஷா வருஷம் எங்கிட்ட இந்தச் சாவியக் குடுத்து வெச்சி, இங்க எறங்கி வாங்கிக்கினு வூட்டுக்குப் போவாங்க. இந்த வருஷம் மட்டும், 'எம்பொண்ணு எறங்குவா, அவளுக்குக் குடுத்துடு'ன்னாங்க."